ஆயிலைக் கெடுத்தவன்

நான் வைத்திருக்கிற கார் மாதிரி ஒன்றை வாங்கலாமா என்று இதுவரை ஆறேழு பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். செராமிக் பேட்டையில் சூளை வைத்திருக்கிற பாதிப் பேருக்கு அதன் மேல் ஒரு கண். வெள்ளை நிறம், தூக்கிய மூக்கு, மேலே கண்ணாடிக் கூரை. அளவில் சின்னது, விலையில் பெரியது. எப்படி ஓடுகிறது, என்னென்ன கோளாறு வருகிறது என்று கேட்பார்கள். கூரை ஒழுகும், நெரிசலில் கியர்பாக்ஸ் சூடாகும், புகைக்குழாய் ஃபில்டர் அடைக்கும் என்று சொல்லி அனுப்பிவிடுவேன். மச்சானைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவியின் தம்பி, என் மகளுக்குத் தாய்மாமன். அந்த வண்டியை வைத்து நான் அவனுக்குச் செய்ததைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் வண்டியைப் பற்றி நான் சொல்வது பாதிப் பொய்தான். இங்கே இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

மெயின் பெட்டிக்குள் மாட்டுகிற பீங்கான் ஃப்யூஸ்தான் என் தொழில். கேஸ் சூளை. முப்பது வருஷமாக இதைத் தவிர வேறு எதுவும் எனக்குத் தெரியாது. சூளைக்காரனுக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. சூளையின் சத்தம் மாறினால் முதலில் கேஸை மூடு, பிறகு யோசி. என் ஆள் ஒருவர் யோசித்துவிட்டு மூடலாம் என்று நின்றதில் புருவமும் இரண்டு முன்கையும் வெந்துபோயின. அன்றிலிருந்து தூக்கத்தில்கூட சத்தம் மாறினால் என் கை வால்வைத் தேடும். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. இந்தக் கைதான் பிறகு எல்லாவற்றையும் கெடுத்தது.

மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்த சமயம். என்னிடம் இருந்தது ஒரு பழைய வேன். களிமண் மூட்டையும் அதில்தான் வரும், நாங்களும் அதில்தான் போவோம். முதலில் வந்த இடம் தட்டிப்போனது. தரகர் வந்து, "பொண்ணு புடிச்சிருக்குதுங்க. ஆனா பொண்ணோட அப்பா மண்ணு ஏத்துற வேன்லயே கோயிலுக்கும் வந்தாருன்னு பேசிக்கிட்டாங்க" என்றார். உண்மையா, அவராகச் சேர்த்ததா தெரியாது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு மாதத்துக்குள் சென்னையில் ஒருவர் இரண்டு வருஷம் ஓட்டிய அந்த வண்டியைப் பேசி முடித்தேன்.

முடிப்பதற்கு முன் மச்சானைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அவனுக்கு உளுந்தூர்பேட்டை ரோட்டில் மெக்கானிக் கடை. லாரியில் ஆரம்பித்து காருக்கு வந்தவன். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தான், கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தான், ஓட்டிப் பார்த்தான்.

"வண்டி சுத்தமா இருக்குது மாமா. கொற சொல்ல முடியாது. ஆனா உங்களுக்கு ஆவாது."

"ஏன் ஆவாது? எனக்கு ஓட்டத் தெரியாதா?"

"ஓட்டத் தெரியும். ரோடு எங்க இருக்குது? வூட்டுலேருந்து பேட்டைக்கு நாலு கிலோமீட்டர். காலையில போறீங்க, சாயங்காலம் வரீங்க. இது டீசலு, தெனம் தூரமா ஓடுறவங்களுக்கான வண்டி. இதே வண்டி பெட்ரோல்ல இருக்குது, அத எடுங்க."

"நான் ஒண்ணு வாங்கி, நல்லா இருக்குதுன்னு நீ என்னைக்குடா சொல்லியிருக்க?"

"அக்காவ கட்டிக்கிட்டப்ப சொன்னேனே. அப்ப எனக்குப் பத்து வயசு, வெவரம் பத்தல."

வண்டியை விற்கிறவரும் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கு வேறு கணக்கு ஓடியது. இவன் இன்னும் பழைய பைக்கில் போகிறான், நான் கார் வாங்குகிறேன், அதுதான் காரணம் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம், "உன் தம்பிக்குப் பொறாமை" என்றேன். அவள், "அவன் உங்க வேன தள்ளித் தள்ளியே தோள்பட்ட எறங்கிப்போனவன். அவனுக்கா பொறாம?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

டீசல் வண்டியையே வாங்கினேன்.

வண்டி நல்ல வண்டிதான். அதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது. உட்கார்ந்தால் முதுகு வலிக்காது. குண்டும் குழியுமான ரோட்டில் தூக்கிப் போடாது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தியம் கேட்கும். பத்தியம் தெரியாதவன் கையில் மாட்டினால் ஒவ்வொன்றாகப் படுத்துக்கொள்ளும்.

முதலில் கூரை. கண்ணாடிக் கூரையைத் திறந்து வைத்துக்கொண்டுதான் பேட்டைக்குள் போவேன். நாலு பேர் பார்க்கட்டும் என்றுதான், வேறு எதற்கு? அந்தக் கூரையின் மூலைகளில் மழைத்தண்ணீர் வடிய மெல்லிய குழாய்கள் உண்டு. பேட்டையில் காற்றிலேயே களிமண் தூசி. அது குழாய்க்குள் போய், பனியில் நனைந்து, காய்ந்து, அடைத்துக்கொண்டது. முதல் மழையில் தண்ணீர் வழிய இடமில்லாமல் உள்ளே கொட்டியது. பட்டுப்புடவையோடு முன்சீட்டில் இருந்த என் மனைவியின் மடியில்தான் கொட்டியது. மச்சான் சைக்கிள் பிரேக் ஒயரை விட்டுக் குத்தி அரை மணியில் சரிசெய்தான். வெளியே வந்த கட்டியை உள்ளங்கையில் வைத்துக் காட்டினான்.

"பாருங்க மாமா. இன்னும் ஒரு மாசம் வுட்டிருந்தா சூள வெக்காமலே பீங்கான் ஆயிருக்கும்."

அடுத்தது கியர்பாக்ஸ். தானாக கியர் மாற்றும் வகை. உள்ளே இரண்டு கிளட்ச். நல்ல ரோட்டில் வெண்ணெய் மாதிரி மாறும். ரயில்வே கேட்டில் வரிசையில் நின்று, ஓரடி, அரையடி என்று ஊர்ந்தால் கிளட்ச் சூடாகிவிடும். திரையில் எச்சரிக்கை வரும். மச்சான், "முன்னாடி வண்டி நவுந்தா நீங்களும் கூடவே நவுராதீங்க. நாலு வண்டி எடம் கெடைச்சப்புறம் ஒரேயடியா போங்க" என்றான். இடம் விட்டால் மோட்டார் சைக்கிள்காரன் நுழைவான். எனக்கு அது பொறுக்காது. நான் ஊர்ந்துகொண்டேதான் இருந்தேன்.

மூன்றாவதுதான் ஃபில்டர். இந்தக் காலத்து டீசல் வண்டிகளில் புகைக்குழாய்க்குள் ஒரு வடிகட்டி வைக்கிறார்கள். புகையில் இருக்கும் கரியை அது பிடித்து வைத்துக்கொள்ளும். நிறைந்ததும் வண்டி தானாகவே கொஞ்சம் கூடுதல் டீசலை விட்டு, வடிகட்டியைச் சூடாக்கி, கரியை எரித்துச் சாம்பலாக்கிவிடும். அதற்குப் பதினைந்து இருபது நிமிஷம் நிறுத்தாமல் ஓட வேண்டும். அந்த நேரத்தில் எஞ்சின் சத்தம் மாறும், விசிறி பேய்மாதிரி சுற்றும், காந்தல் வாசனை வரும். இவ்வளவும் இன்று எனக்குத் தெரிகிறது. அன்று தெரியாது. வண்டியோடு வந்த புத்தகத்தில் இருந்திருக்கிறது. நான் அதன் உறையைக்கூடப் பிரிக்கவில்லை.

வாங்கிய இரண்டாம் மாதம், பேட்டைக்குப் போகும் வழியில் முதன்முதலாக சத்தம் மாறியது. காந்தல் அடித்தது. என் கை யோசிக்கவில்லை. ஓரம்கட்டி அணைத்துவிட்டேன். அணைத்த பிறகும் விசிறி ஓடிக்கொண்டே இருந்தது. சூடேறிவிட்டது, நல்லவேளை அணைத்தோம் என்று நினைத்தேன். பத்து நிமிஷம் ஆறவிட்டு எடுத்தேன். சாதாரணமாக ஓடியது. அடுத்த வாரமும் அப்படியே. பிறகு அது எனக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. சத்தம் மாறும், அணைப்பேன், ஆறவிடுவேன், எடுப்பேன். வண்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்ள முயன்ற ஒவ்வொரு தடவையும் நான் அதன் கழுத்தைப் பிடித்து நிறுத்தியிருக்கிறேன்.

ஒரு நாள் மஞ்சள் விளக்கு எரிந்தது. மச்சான் கடைக்கு எடுத்துப் போனேன். அவன் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, ஆயிலையும் மாற்றிவிடலாம் என்று இந்த வண்டிக்கென்றே வரும் ஆயிலைச் சென்னையிலிருந்து வரவழைத்து ஊற்றினான். பில்லையும் காட்டினான். பிறகு கேட்டான்.

"ஓட்டும்போது சத்தம் ஏதாவது மாறுதா மாமா? காந்தல் கீந்தல் அடிக்குதா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல."

பொய். வாய் கூசாமல் சொன்னேன். வண்டி சூடேறுகிறது என்று சொன்னால், 'அன்னைக்கே சொன்னேன்ல' என்பான். அந்த வார்த்தையை அவன் வாயால் கேட்கக் கூடாது. அவ்வளவுதான் காரணம். டாக்டரிடம் பொய் சொல்கிறவனைவிட மெக்கானிக்கிடம் பொய் சொல்கிறவன் பெரிய முட்டாள். மனிதனாவது வலித்தால் கத்துவான்.

"அப்ப ஒண்ணும் பயமில்ல. ஞாயித்துக்கெழம உளுந்தூர்பேட்ட போயி பைபாஸ்ல அர மணி நேரம் ஒரே சீரா ஓட்டிட்டு வாங்க. வெளக்கு தானா அணஞ்சிடும். அணையலன்னா கொண்டாங்க."

"சும்மா போயிட்டு சும்மா வர்றதுக்கு டீசல் போடணுமா?"

"வண்டிக்கு அதான் மாமா மருந்து."

நான் போகவில்லை. பாதி எரிந்ததிலேயே கரி கொஞ்சம் குறைந்ததோ என்னவோ, அன்று மாலையே விளக்கு அணைந்துவிட்டது. மாதக்கணக்கில் பழைய வாழ்க்கையே ஓடியது.

இதற்குள் மகளுக்கு வேறு இடம் அமைந்தது. பெண்ணாடத்தில் கரும்பு விவசாயக் குடும்பம், பையனுக்குக் கடலூரில் பேங்க் வேலை. அவர்கள் வந்து பெண்ணைப் பார்த்துவிட்டுப் போனார்கள். நாங்கள் போய் வீடு பார்க்க வேண்டும். நான், மனைவி, மச்சான், அவன் மனைவி, நாலு பேரும் என் வண்டியில் கிளம்பினோம். கூரையைத் திறந்துதான் போனேன்.

கரும்பு வெட்டும் மாதம். பெண்ணாடம் ரோட்டில் ஆலைக்குப் போகிற டிராக்டர்கள், மலை மாதிரி கரும்பை ஏற்றிக்கொண்டு வரிசையாக ஊர்ந்துகொண்டிருந்தன. அவற்றின் பின்னால் நாங்களும் ஊர்ந்தோம். முதலில் கியர்பாக்ஸ் எச்சரிக்கை வந்தது. அது ஆறட்டும் என்று நின்று கிளம்பினோம். பிறகு மஞ்சள் விளக்கு வந்தது, அதற்கு மேல் இன்னொரு விளக்கு வந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி கேட்கவில்லை. பின்னால் வந்த மாட்டுவண்டி எங்களைத் தாண்டிப் போயிற்று. மிகைப்படுத்தவில்லை, மாட்டுவண்டி. அதிலிருந்தவர், "என்னாங்க, மேல ஓட்டைய போட்டு காத்தெல்லாம் எறங்கிடுச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஊருக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது வண்டி நின்றேவிட்டது.

மாப்பிள்ளையின் அப்பாவுக்குப் போன் செய்ய வேண்டியதாயிற்று. அவர் தன் டிராக்டரையே எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். கூடவே பங்காளிகள் இரண்டு பேர். கௌரவத்துக்கென்று வாங்கிய வண்டிக்கு, எந்த வீட்டில் கௌரவம் காட்ட நினைத்தேனோ அந்த வீட்டுக்காரரே கயிறு கட்டினார்.

மச்சான் முன்மூடியைத் திறந்து ஆயில் அளக்கிற கம்பியை உருவினான். நானும் எட்டிப் பார்த்தேன். அளவுக்கு மேலே நின்றது ஆயில். தண்ணீர் மாதிரி ஓடியது. மூக்கை அருகே கொண்டுபோனேன், டீசல் நாற்றம். அவன் முகம் மாறியது. என் பக்கம் குனிந்து, மெதுவாக, மற்றவர்களுக்குக் கேட்காமல்தான் கேட்டான்.

"மாமா, காந்தல் அடிக்கிறப்ப நடுவுல நடுவுல வண்டிய ஆஃப் பண்ணீங்களா?"

அவன் எனக்கு ஒரு வழி விட்டான். ஆமாம்பா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். என் கண்ணுக்கு அந்த டிராக்டர் கயிறுதான் தெரிந்தது, சம்பந்தி ஆகப்போகிறவரின் பார்வைதான் தெரிந்தது. வாயைத் திறந்தேன்.

"என்னைக் கேக்குறியா? டீசல் நாறுது ஆயிலு. கலப்பட ஆயில ஊத்திட்டு சென்னை பில்லையா காட்டின? அக்கா வூட்டுக்காரன்கிட்டயே ஆட்டையப் போட்டிருக்க. திருட்டுப் பய."

அவன் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். அவன் கம்பியைத் துணியால் துடைத்து, திரும்பச் செருகி, முன்மூடியை மெதுவாக இறக்கினான். "வாங்க, மொதல்ல வேலய பாக்கலாம். அவுங்க காத்துக்கிட்டு இருக்காங்க" என்றான். அன்று முழுக்க மாப்பிள்ளை வீட்டில் சிரித்த முகமாக உட்கார்ந்து, பேச வேண்டியதைப் பேசி, தேதி குறிக்கிறவரை இருந்தான். திரும்பும்போது மட்டும் எங்களோடு சேர்ந்து வராமல், அவன் மனைவியைக் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டான்.

என் ஆத்திரம் அதோடு நிற்கவில்லை. பேட்டை டீக்கடையில் நாலு நாள் அதே பேச்சைப் பேசினேன். சூளைக்காரர்கள் வண்டியெல்லாம் அவன் கடைக்குத்தான் போகும். நான் பேசியபின் மூன்று பேர் வேறு கடைக்கு மாறினார்கள். ஒருவர் என்னிடமே வந்து, "நல்லவேள சொன்னீங்க" என்றார். எனக்கு அது நன்றாக இருந்தது. இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

வண்டியைப் புதுச்சேரியில் இருக்கிற கம்பெனி சர்வீஸுக்கு இழுத்துக்கொண்டு போனோம். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார்கள். அங்கே ஒரு பெண்தான் வண்டிகளுக்குப் பொறுப்பு. என் மகள் வயதுதான் இருக்கும். ஒரு காகிதத்தைக் காட்டி, இத்தனை தடவை எரிக்க ஆரம்பித்திருக்கிறது, இத்தனை தடவையும் முடியாமல் நின்றிருக்கிறது என்று பட்டியலை ஓட்டினார். நான் வாங்கிய பிறகு முடிந்தது என்று ஒரு வரிகூட அதில் இல்லை.

"சார், எரியும்போது ஆஃப் பண்ணிடுவீங்களா?"

"சூடாயிடுச்சேன்னு..."

"அது சூடாகணும் சார். பாதியில நிறுத்தினா, எரிக்கிறதுக்கு விட்ட டீசல் எரியாம கீழ இறங்கி எஞ்சின் ஆயில்ல கலந்துடும். அதான் ஆயில் அளவு ஏறி, தண்ணியா போயிருக்கு."

"ஆயில் கலப்படம் இல்லையா?"

"இல்ல சார். சரியான ஆயில்தான் ஊத்தியிருக்காங்க. ஃபில்டர்ல மாதிரிக்கு எங்ககிட்ட ஒண்ணு வெட்டி வெச்சிருக்கோம், பாக்குறீங்களா?"

கொண்டுவந்து மேசை மேல் வைத்தார். தேன்கூடு மாதிரி நுண்ணிய கண்கள். நகத்தால் சுண்டிப் பார்த்தேன். சுண்டியதுமே தெரிந்துவிட்டது. பீங்கான். சுட்டு எடுத்த பீங்கான். முப்பது வருஷமாக நான் சுடுகிற அதே ஜாதி. வேகாத சரக்கைச் சூளையிலிருந்து பாதியில் எடுக்கிறவனை நான் செருப்பால் அடிப்பேன். என் வண்டிக்குள் ஒரு சூளை இருந்திருக்கிறது, அதைத்தான் அத்தனை தடவையும் பாதியில் அணைத்திருக்கிறேன். அந்தப் பெண் என்னமோ சொல்லிக்கொண்டே இருந்தார். என் காதில் விழவில்லை. ரோட்டில் மச்சான் குனிந்து மெதுவாகக் கேட்டது மட்டும் காதில் இருந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் அழவில்லை, கத்தவில்லை.

"சூளைய அணைக்கத் தெரியுது. வாய அணைக்கத் தெரியலியே உங்களுக்கு. போயி அவங்கிட்ட சொல்லிட்டு வாங்க. கல்யாணத்துக்கு இன்னும் ஒண்ணர மாசம் இருக்குது. தாய்மாமன் மனசு நொந்து வந்து நின்னு பட்டம் கட்டினா என் பொண்ணுக்கு நல்லதா?"

எங்கள் பக்கம் மணப்பெண்ணின் நெற்றியில் தாய்மாமன் பட்டம் கட்டாமல் தாலி ஏறாது. வேறு எந்தச் சொந்தம் வராவிட்டாலும் சமாளிக்கலாம். அந்த ஒரு ஆளுக்கு மாற்று கிடையாது.

போகிறேன் என்றேன். நாளைக்கு, திங்கட்கிழமை, சூளை இறக்கியதும் என்று ஒரு மாதத்தைத் தள்ளினேன். தினமும் போகத்தான் நினைத்தேன். கடை வரைக்கும் இரண்டு தடவை போய்த் திரும்பினேன். கெட்டதைப் பேச எனக்கு ஒரு நொடி போதும். இதைச் சொல்ல வாய் எழவில்லை.

கடைசியில் பத்திரிகை வைக்கத்தான் போனோம். தாய்மாமனுக்குத்தான் முதல் பத்திரிகை. தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை வைத்து நானும் மனைவியும் நீட்டினோம். அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். வாங்கியபின் தட்டைக் கீழே வைக்கவில்லை. நின்றுகொண்டே இருந்தான். நான் ஏதோ சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தான். மனைவி என் முழங்கையைத் தொட்டாள்.

"முன்னாடி நாளே வந்துடணும்" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

"அக்கா பொண்ணு கல்யாணம். வராம இருப்பனா" என்றான். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, அவன் அக்காவைப் பார்த்துச் சொன்னான்.

சொன்னபடி முதல் நாளே வந்தான். சீர்த்தட்டுகளை ஒன்றுகூடக் குறைக்காமல் மேளத்தோடு கொண்டுவந்தான். பந்தியைக் கவனித்தான், ஜெனரேட்டர் மக்கர் செய்தபோது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதையும் பார்த்தான். நான் மனதுக்குள், எல்லாம் சரியாகிவிட்டது, இனிப் பேசவே தேவையில்லை என்று நினைத்துக்கொண்டேன். என் சோம்பேறித்தனத்துக்கு அது வசதியாக இருந்தது.

காலையில் முகூர்த்தத்துக்கு முன், மணமேடையில் மச்சான் பட்டத்தைக் கையில் எடுத்தான். சம்பந்தி நல்ல குஷியில் இருந்தார். சுற்றி அவருடைய ஆட்கள். கேலி பேசுகிற நேரம், கேலி பேசுகிற முறை. அவர் சத்தமாகக் கேட்டார்.

"என்னா மச்சான், பட்டமாவது ஒரிஜினலா, இல்ல அந்த ஆயிலு மாதிரியா?"

மேடை முழுக்கச் சிரித்தது. கதை அவர்கள் ஊரில் பரவியிருந்தது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மச்சான் திரும்பி என்னைப் பார்த்தான். எல்லார் முன்னாலும் சொன்னவன் நான், எல்லார் முன்னாலும் திருத்த வேண்டியவனும் நான். மைக்கும்கூட மூன்றடி தூரத்தில்தான் இருந்தது. 'ஆயிலைக் கெடுத்தவன் நான்தான் சம்பந்தி' என்று ஒரு வரி போதும்.

நான் சிரித்தேன். எல்லாரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன்.

அவன் திரும்பி, என் மகளின் நெற்றியில் பட்டத்தைக் கட்டினான். முடிச்சு சரியாக விழுந்ததா என்று பின்னால் போய்ப் பார்த்தான். அவள் தலையில் கை வைத்தான். தாலி ஏறும்வரை நின்று அட்சதை போட்டான். பிறகு அவனைக் காணவில்லை. சாப்பிடவில்லை என்று மகள்தான் கண்டுபிடித்தாள். புது மாப்பிள்ளையை விட்டுவிட்டு என்னிடம் வந்து, "மாமா எங்கப்பா?" என்று கேட்டாள். வேலையாகப் போயிருக்கிறான் என்றேன். இன்னொரு பொய்.

அதற்குப் பிறகு அவன் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. பொங்கலுக்கு அக்காவுக்கு வர வேண்டிய சீர், குறையாமல் வருகிறது. வேறு யாரிடமாவது கொடுத்து அனுப்புகிறான். மனைவி அவன் வீட்டுக்குப் போய் வருகிறாள். தனியாக, பஸ்ஸில். வண்டியில் கொண்டுவிடுகிறேன் என்றால், "வாணாம்" என்கிறாள்.

சம்பந்தியிடம் உண்மையைச் சொன்னேன். தலை தீபாவளிக்கு அழைக்கப் போயிருந்தபோது. அவர், "அட, நான் வெளையாட்டுக்குத்தானே கேட்டேன். அத மனசுல வெச்சிக்கிட்டாரா அந்த ஆளு?" என்றார். அவர்மேல் தப்பில்லை. அவருக்கு அந்த விளையாட்டுச் சாமானைக் கையில் கொடுத்தவன் நான். பேட்டை டீக்கடையிலும் சொன்னேன். அந்தப் பேச்சை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. ஒருவன் திருடன் என்றபோது கிளாஸை வைத்துவிட்டுக் கேட்டவர்கள், திருடன் இல்லை என்றபோது டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள். மாறிய மூன்று பேரில் ஒருவர்தான் அவன் கடைக்குத் திரும்பினார்.

போன மாதம் வண்டியை எடுத்துக்கொண்டு அவன் கடைக்கே போனேன். புதுச்சேரியில் கொடுத்த காகிதத்தையும் எடுத்துக்கொண்டேன். நாலைந்து பேர் காத்திருந்தார்கள். அதுதான் வேண்டும் என்று, அவர்கள் முன்னாலேயே சத்தமாகச் சொன்னேன். ஆயில் நல்ல ஆயில், கெடுத்தது நான், சத்தம் மாறுகிறதா என்று கேட்டபோது பொய் சொன்னேன், மேடையில் சிரித்தது தப்பு, எல்லாம் சொன்னேன். மன்னித்துவிடு என்றும் சொன்னேன். அந்தச் சொல்லை வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அவன் ஒரு சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். முழுவதையும் கேட்டான். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து காகிதத்தை வாங்கி, மேலிருந்து கீழ்வரை படித்தான். மெக்கானிக் படிக்கிற மாதிரி, வண்டிக்காகத்தான் படித்தான்.

"ஃபில்டர் புதுசு போட்டிருக்காங்களா?"

"ஆமாம்பா."

"பைபாஸ்ல ஓட்டுறீங்களா இப்ப?"

"வாரா வாரம் ஓட்டுறேன். சத்தம் மாறினா அணைக்கிறதில்ல."

"அப்ப ஒண்ணும் வராது." காகிதத்தை மடித்து என்னிடம் கொடுத்தான். "ஆயில் மாத்துற நேரம் வந்திருக்குது. சாவிய குடுத்துட்டுப் போங்க சார். சாயங்காலம் ரெடியா இருக்கும்."

பத்து வயதிலிருந்து என்னை மாமா என்று கூப்பிட்டவன். காத்திருந்த நாலு பேரில் எவருக்கும் அதில் ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை. கடைக்கு வருகிற எல்லாரையும் அவன் சார் என்றுதான் கூப்பிடுவான்.

சாவியைக் கொடுத்தேன். பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். என்ன சொன்னான் என்று கேட்டாள். சாயங்காலம் வண்டி ரெடியாகிவிடும் என்று சொன்னான் என்றேன். வேற, என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை என்றேன்.